தம்பி காலடியில் அண்ணன் பெயர்

பெரிய சண்டை முடிந்து, கப்பலேறிப் போனவர்களில் திரும்ப வேண்டியவர்கள் எல்லாம் திரும்பி வந்த பிறகு, எங்கள் ஷாப் முதலாளி ஒரு கல் நடுவது என்று முடிவு செய்தார். தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கத்தில் ஷாப் என்றுதான் சொல்வோம். ஆம்பூருக்குக் கிழக்கே, பாலாற்றங்கரையில் இருந்தது அது. அங்கே வேலை செய்தவர்களும் அதை ஒட்டிய எங்கள் தெருக்காரர்களுமாக ஏழு பேர் பட்டாளத்தோடு போய், போன இடத்திலேயே மண்ணானார்கள். அந்த ஏழில் இரண்டு பேர் என் வீட்டு ஆட்கள். ஒருவர் என் புருஷன். இன்னொருவன் அவருடைய தம்பி, என் கொழுந்தன்.

ஒரே கூரையின் கீழே ஒரே வருஷத்தில் இரண்டு தாலி இறங்கியது. ஊரார் எங்களைச் சேர்த்தே பேசினார்கள். ‘அந்த ரெண்டு பொண்ணுங்க’ என்பார்கள். எனக்கு அது பிடிக்காது. நான் மூத்த மருமகள். என் ஓரகத்தி என்னைவிட நாலு வயது சின்னவள், என்னைவிட நிறம், என்னைவிட அழுகை ஜாஸ்தி. அவள் அழுதால் பத்துப் பேர் கூடுவார்கள். நான் அழுதால் அடுப்பு புகைகிறதா என்று கேட்பார்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. என் புருஷன் ஷாப்பில் சதை வழிக்கிற கத்திக்காரர். கோணாமல், ஓட்டை விழாமல் தோல் வழிப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. பட்டாளத்துக்கும் அந்தக் கை வேலைக்காகத்தான் எடுத்தார்கள். பஸ்ரா என்ற ஊரில் கோவேறு கழுதைகளின் சேணம் தைத்தார், தண்ணீர்ப் பை தைத்தார், அங்கேயே ஜுரம் கண்டு போனார். கொழுந்தன் அப்படி இல்லை. அவனுக்கு ஷாப் நாற்றமே ஆகாது. ரயிலடியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவனை, உயரமாக இருக்கிறான் என்று சிப்பாயாக எடுத்துக்கொண்டார்கள். துப்பாக்கி கொடுத்தார்கள். குண்டு பட்டு விழுந்தான். மணியக்காரர் வீட்டுக்கு வந்த இரண்டு காகிதங்களில் இரண்டு விதமாக எழுதியிருந்தது. அவளுடைய காகிதத்தைப் படிக்கும்போது மணியக்காரர் எழுந்து நின்று படித்தார். என்னுடையதை உட்கார்ந்துகொண்டே படித்தார். நான் அதைக் கவனித்தேன்.

ஆகையால் கல் என்றதும் எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்தக் கல்லில் என் புருஷன் தன் தம்பிக்கு ஒரு விரற்கடை கூடக் கீழே இருக்கக் கூடாது.

முதலாளி சாயபு நல்ல மனுஷர். தோல் ஊறப்போடுகிற ஆவாரம்பட்டையைக் கொட்டி வைக்கிற கிடங்குக்கு முன்னால் எங்கள் ஏழு வீட்டுப் பெண்களையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவர் நின்றுகொண்டார்.

“கல்லு நான் வெக்கறேன். மணியக்காரர் எடம் வாங்கிக் குடுத்துட்டாரு, ரோட்டு ஓரத்துல. ஆனா தெனம் அங்க வந்து நிக்கப்போறது நானும் இல்ல, மணியக்காரரும் இல்ல. நீங்கதான். அதனால கல்லுல இன்னா இருக்கணும்னு நீங்களே சொல்லுங்க” என்றார்.

மணியக்காரர் பக்கத்தில் நாற்காலியில் இருந்தார். அவர் எங்களைச் சொல்ல விடவில்லை. “ஒரு சிப்பாய் உருவம் இருக்கணும் சாயபு. வேலூர்லருந்து தொர வந்து பாத்தா, இன்னா கல்லுன்னு தெரிய வேணாமா?” என்றார். சாயபு முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனாலும் சரி என்றார்.

கல் செதுக்க ஆற்றுக்கு அக்கரையிலிருந்து ஒரு கல்தச்சர் வந்தார். அவர் குடும்பத்துக்கு ஒரே வேலை வேடியப்பன் கல். அந்தக் காலத்தில் மாடு மீட்கப் போய் வெட்டுப்பட்டு விழுந்தவர்களுக்கு நட்ட கற்கள் எங்கள் பக்கத்தில் வயலோரமெல்லாம் நிற்கும். வேடியப்பன் என்று சொல்லிப் பொங்கல் வைப்பார்கள். அதில் ஒன்று உடைந்தால் அதே மாதிரி இன்னொன்று செதுக்கிக் கொடுப்பார் அவர். அவருடைய அப்பாவும் அதையேதான் செய்தார். புதிதாக ஒரு முகத்தைச் செதுக்கியதே கிடையாது என்று அவரே சொன்னார்.

“மொகம் வேணும்னா யாராவது காட்டணும். போட்டோ கீதா?” என்று கேட்டார்.

என் ஓரகத்தி அதற்காகவே பிறந்தவள் போல எழுந்தாள். வீட்டுக்கு ஓடிப் போய், மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்த போட்டோவைக் கொண்டுவந்தாள். பட்டாளத்துச் சட்டையோடு, காலில் பட்டித்துணி சுற்றி, துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு கொழுந்தன் நிற்கிற படம். பெங்களூரில் எடுத்தது. என் புருஷன் போட்டோ எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். எடுத்தால் ஆயுசு கம்மியாகும் என்று அவருக்குப் பயம். எடுத்த தம்பியும் போனான், எடுக்காத அண்ணனும் போனார். ஆனால் போனவர்களில் முகம் மிஞ்சியது ஒருத்தனுக்குத்தான்.

எல்லோரும் போட்டோவை வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். “ராஜா மாதிரி கீறாரு” என்றாள் மூன்றாம் வீட்டுக்காரி. என் கையில் வந்தபோது நான் பார்க்காமலே அடுத்தவளிடம் கொடுத்தேன்.

கல்தச்சர் கிடங்கின் வெள்ளைச் சுவரில் கரித்துண்டால் ஆளுயரத்துக்குப் படம் போட்டார். அரை நாள் ஆயிற்று. நாங்கள் பட்டை இடித்துக்கொண்டே திரும்பித் திரும்பிப் பார்த்தோம். முதலில் துப்பாக்கி வந்தது. அப்புறம் கால்கள், சட்டை, முகம். கொழுந்தன் முகமேதான். என் ஓரகத்தி உலக்கையைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் என் உலக்கையை இன்னும் ஓங்கிப் போட்டேன்.

கல்தச்சர் அதோடு நிறுத்தவில்லை. இரண்டு பக்கமும் இன்னும் இரண்டு உருவம் போட்டார். இடுப்பு ஒடுங்கி, மார்பு நிமிர்ந்து, கையில் சாமரம் பிடித்த பெண்கள்.

என் ஓரகத்தியின் அழுகை நின்றது.

“இவளுங்க யாரு?” என்றாள்.

“மேல்லோகத்துப் பொண்ணுங்கம்மா. சண்டையில வுழுந்தவன சாமரம் வீசிக் கூட்டினு போறவங்க. எல்லா வேடியப்பன் கல்லுலயும் இருப்பாங்க.”

“என் வூட்டுக்காரர எவளும் கூட்டினு போவ வேணாம். அழிச்சிடு.”

“அழிக்கக் கூடாதும்மா. அவங்க இல்லன்னா அவரு எப்படிப் போவாரு?”

“கப்பல்ல போனாரு இல்ல? தனியாத்தானே போனாரு? அப்பிடியே போவட்டும். அதுவும் ரெண்டு பேரா? ஒருத்தி பத்தாதா?”

பெண்கள் சிரித்து உருண்டார்கள். நானும் சிரித்தேன். என் புருஷன் போன நாளிலிருந்து நான் மனசாரச் சிரித்தது அன்றுதான். “வுடுமே, மேல புழுக்கமா இருக்குமாம். வீசறதுக்கு ஆள் வேணாமா?” என்று நானே எடுத்துக் கொடுத்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை எனக்கு இனிப்பாக இருந்தது.

சிரித்த வாயோடு கல்தச்சரிடம் ஒன்று கேட்டுவிட்டேன். “ஏங்க, ஜுரத்துல போனவங்கள யாரு கூட்டினு போவாங்க?”

அவர் கரித்துண்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “ஜுரத்துல போனவங்களுக்குக் கல்லு நடறது இல்லம்மா. ஆயுதம் பட்டு வுழுந்தவனுக்குத்தான். அது எங்கப்பன் காலத்துக்கும் முன்னாலருந்து வர்றது.”

சிரிப்பு அடங்கிவிட்டது. ஏழு பேரில் ஆயுதம் பட்டு விழுந்தது கொழுந்தன் ஒருத்தன்தான் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். மற்றவர்களில் மூன்று பேர் ஜுரம், ஒருவர் கப்பலிலேயே, இரண்டு பேர் வயிற்றுப்போக்கு. என் ஓரகத்தி அப்போது பேசாமல் இருந்திருக்கலாம்.

“அதுக்கு இன்னாக்கா பண்றது? அவங்கவங்க எழுத்து” என்றாள்.

அந்த ஒரு பேச்சுக்காகவே அதற்கப்புறம் நான் செய்ததெல்லாம் செய்தேன் என்று சொன்னால் பொய்யில்லை.

மணியக்காரர் கல்தச்சருக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். உருவம் சிப்பாயுடையது; மற்றவர்கள் பெயரை உருவத்துக்குக் கீழே வரிசையாக வெட்டிவிடுவது. கல்தச்சர் அரை மனதோடு ஒப்புக்கொண்டு, சுவரில் சிப்பாயின் காலுக்கடியில் ஆறு கோடு இழுத்தார்.

நான் அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பூட்ஸ் காலுக்கு நேர் கீழே முதல் கோடு. எங்கள் வீட்டில் தம்பி உட்கார்ந்திருக்கும்போது அண்ணன் வந்தால் தம்பி எழுந்து நிற்பான். அண்ணன் கீழே படுத்திருந்தால் அவர் கால்மாட்டைக்கூடத் தாண்டிப் போக மாட்டான், சுற்றிக்கொண்டு போவான். அவன் நல்ல பிள்ளைதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. அப்படிப்பட்டவன் காலுக்குக் கீழே அவன் அண்ணன் பெயரை வெட்டப் போகிறார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. கோபத்துக்கு உள்ளே ஒரு சந்தோஷமும் வந்தது. பிடி கிடைத்துவிட்டது.

நேராக சாயபுவிடம் போனேன். அவர் கடுக்காய் மூட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சாயபு, தம்பி காலடியில அண்ணன் பேர வெக்கறீங்களே, உங்க வூட்டுல ஒப்புக்குவீங்களா?” என்றேன்.

“இன்னாம்மா சொல்ற?”

சொன்னேன். அவர் மூட்டையை விட்டுவிட்டுக் கிடங்குச் சுவருக்கு வந்து நின்றார். கோடுகளைப் பார்த்தார், பூட்ஸ் காலைப் பார்த்தார். சாமரப் பெண்களையும் பார்த்துத் தலை குனிந்துகொண்டார்.

“நெஜமாச் சொல்றேம்மா, எனக்கு மொதல்லருந்தே உருவம் வேணாம்னுதான் இருந்துச்சு. கல்லுல உருவம் வெக்கறது எங்களுக்கு ஆகாது. மணியக்காரர் சொன்னாரேன்னு வாய மூடினு இருந்தேன். இப்ப நீ நல்ல காரணம் குடுத்த. வெறும் பேருங்க போதும். யாரு மொதல்ல கப்பலேறினாங்களோ அவங்க மேல” என்றார்.

என் புருஷன் கொழுந்தனுக்கு ஏழு மாதம் முன்னால் கப்பலேறியவர். நான் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அதோடு நின்றிருந்தால்கூட என்னைப் பெரிய தப்பு சொல்ல முடியாது. நிற்கவில்லை. பத்தடி போனவள் திரும்பி வந்தேன்.

“பேர் வெட்டுனா நாங்க எப்பிடிப் படிக்கறது? எங்க தெருவுல யாருக்கு எழுத்து தெரியும்? வெட்டு போடச் சொல்லுங்க” என்றேன்.

வெட்டு என்றால் இது. ஷாப்பில் தோல் சுண்ணாம்புக் குழியில் ஊறும், பட்டைத் தண்ணீரில் ஊறும். மையில் எழுதினால் நிற்காது. அதனால் ஒவ்வொரு கத்திக்காரரும் தான் வழித்த தோலின் வால் ஓரத்தில் உளியால் தன் அடையாளத்தை வெட்டிவிடுவார். ஒருவருக்கு இரண்டு குத்து, ஒருவருக்குப் பிறை, ஒருவருக்குச் சாய்ந்த கோடு. என் புருஷனுடையது மூன்று குத்து, நடுவில் இருப்பது மட்டும் நீளம். அந்த வெட்டு உள்ள தோலைக் கப்பலுக்கு அனுப்பும் தோல் கட்டுக்கு மேலாக வைப்பார்கள். எங்கள் தெருவில் எல்லோருக்கும் எல்லார் வெட்டும் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே சொல்வோம்.

சாயபுவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. “வாஹ்! இது எந்த ஊருக் கல்லுலயும் இருக்காது” என்றார். பெயருக்குப் பக்கத்தில் அவரவர் வெட்டு என்று உத்தரவாகிவிட்டது.

ஏழு பேரில் கத்திக்காரர்கள் நான்கு பேர். மீதி மூன்று பேருக்கு வெட்டு கிடையாது. இரண்டு பேர் பட்டை வண்டி ஓட்டியவர்கள். மூன்றாவது, ஷாப் நாற்றம் ஆகாது என்று ரயிலடிக்குப் போன என் கொழுந்தன். எனக்கு இது சாயபுவிடம் கேட்கும்போதே தெரியுமா என்றால், தெரியும்.

என் ஓரகத்திக்கு விஷயம் சாயங்காலம் எட்டியது. அவள் என்னோடு சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. வீட்டுக்கு நடுவே ஒரு ஓலைத் தட்டியை நிறுத்திக்கொண்டாள். பேச்சு நின்றது. வேலைக்கு வந்தால் கிடங்குச் சுவருக்குப் பக்கத்திலேயே தன் உரலைப் போட்டுக்கொண்டாள். சுவரில் அந்தக் கரிப்படம் இன்னும் இருந்தது. சாமரப் பெண்களை அவளே ஈரத் துணியால் துடைத்து எடுத்துவிட்டாள். நடுவில் அவன் மட்டும் நின்றான். சாப்பாட்டு நேரத்தில் அவனுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள். பார்க்கிறவர்கள் உச்சுக் கொட்டினார்கள். என் புருஷனுக்குக் கல்லில் தம்பிக்கு மேலான வரி வாங்கிக் கொடுத்துவிட்டேன். ஆனாலும் சுவரில் இருக்கிற கரிக்கோட்டைப் பார்த்து எனக்கு எரிந்தது. ரம்ஜானுக்குச் சுண்ணாம்பு அடித்தபோது அது போயிற்று. அன்று அவள் வேலைக்கு வரவில்லை.

கல் நட்ட நாள் மேளம் வைத்தார்கள். துரை யாரும் வரவில்லை. ஆனால் மணியக்காரர் தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்தார், பெயர்களை ஒரு தரம் வேகமாகப் படித்துவிட்டுப் போய்விட்டார். அப்புறம் பெண்கள் ஒவ்வொருத்தியாகப் போய்க் கல்லைத் தடவினார்கள். இரண்டு குத்துக்காரி இரண்டு குத்தில் கை வைத்தாள். பிறைக்காரி பிறையில் நெற்றியை வைத்தாள். நான் மூன்றாம் வரிக்குப் போனேன். மூன்று குத்து, நடுவில் நீளம். கல்தச்சர் ஆழமாக வெட்டியிருந்தார், என் விரல் நுனி உள்ளே போயிற்று.

என் ஓரகத்தி கல்லுக்கு முன்னால் வந்து நின்றாள். கையைத் தூக்கினாள். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வெட்டில்லாத மூன்று வரிகள் கீழே இருந்தன. ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது. தூக்கிய கை அப்படியே நின்றது.

அவள் என் பக்கம் திரும்பினாள். நாலு மாதத்துக்கப்புறம் என்னோடு பேசினாள்.

“அக்கா, நீதான் எழுத்துக் கூட்டுவியே. இதுல அவரு எது?”

நான் எழுத்துக் கூட்டுவேன் என்பது நிஜம். மிஷன் டீச்சரம்மா ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவுக்கு வந்து பெண்களுக்கு மணலில் எழுதக் காட்டிக்கொடுத்தார். நான் மட்டும்தான் விடாமல் போனேன். இன்று இதை எழுதுவதும் அந்த எழுத்தில்தான். கொழுந்தன் பெயரில் முதல் எழுத்து எனக்கு நன்றாகத் தெரியும். ஐந்தாம் வரியில் அது இருந்தது.

அவள் கண்ணெல்லாம் தண்ணீர். சுற்றிலும் கூட்டம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. மூன்று குத்தில் கை வைத்து நிற்கிற என்னை ஒருத்தியும் பார்க்கவில்லை.

நான் குனிந்து ஏழாவது வரியில் விரல் வைத்தேன். “இது” என்றேன்.

ஏழாவது வரி ஒரு வண்டிக்காரருடையது. கோலார் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். சொந்தம் என்று யாரும் இல்லை. அவருக்காகச் சாயபு கூப்பிட்ட அன்று வந்து உட்கார்ந்தவள்கூட அவர் குடியிருந்த வீட்டுக்காரிதான். அவளும் கொஞ்ச நாளில் வாணியம்பாடிக்கு மகன் வீட்டோடு போய்விட்டாள். வயிற்றுப்போக்கில் போனவர் அவர். என் ஓரகத்தி அந்த வரியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுத அழுகையில் மேளக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

ஒரு நாள் ஏமாந்து நிற்கட்டும் என்றுதான் நினைத்தேன். மறுநாள் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். மறுநாள் அவள் ஓலைத் தட்டியை எடுத்துவிட்டு எனக்குக் களி கொண்டுவந்து வைத்தாள். அப்போது எப்படிச் சொல்வது? அப்படியே வாரமாயிற்று, வருஷமாயிற்று.

தலையில் வைத்துக்கொள்ள முடியாத பூவைக் கல்லில் வைத்தோம் இரண்டு பேரும். நான் வெள்ளிக்கிழமை மூன்றாம் வரியில் ஒரு முழம் வைத்துவிட்டு வந்துவிடுவேன். அவள் ஏழாம் வரியில் எண்ணெய் தடவுவாள், மஞ்சள் பூசுவாள், கற்பூரம் ஏற்றுவாள், உட்கார்ந்து பேசுவாள். அன்றைக்கு ஷாப்பில் நடந்ததெல்லாம் சொல்வாள். பார்த்த பெண்களுக்குக் கல்தச்சர் சொன்ன பேச்சு நினைவுக்கு வந்தது. ஆயுதம் பட்டு விழுந்தவன் ஒருத்தன்தானே, அவனுக்குத்தானே சக்தி இருக்கும்? ஒருத்தியின் பிள்ளைக்கு மாந்தம் இறங்கியது, அங்கே வேண்டிக்கொண்டதால் என்றாள். இன்னொருத்திக்குக் காணாமல் போன எருமை திரும்பியது. அவ்வளவுதான். சிப்பாய் சாமி என்று பெயராகிவிட்டது. பேர்ணாம்பட்டிலிருந்துகூட வந்தார்கள். ஏழாவது வரி மஞ்சளும் எண்ணெயும் ஏறி ஏறிக் கறுத்துப் பளபளவென்று ஆயிற்று; எழுத்து தெரிந்தவர்கள் வந்தாலும் அதில் இருந்த பெயரைப் படிக்க முடியாது. என் மூன்று குத்துக்கு மேலே புழுதி படிந்திருந்தது.

யோசித்துப் பாருங்கள். நான் பொறாமைப்பட்டுக் கொழுந்தனை விலக்கினேன். விலக்கிய இடத்தில் ஒரு வண்டிக்காரர் வந்து உட்கார்ந்துகொண்டார். அவரைப் பார்த்தும் எனக்குப் பொறாமை. ஜுரத்தில் போன என் புருஷனுக்கு ஒரு முழம் பூ, வயிற்றுப்போக்கில் போன இவருக்குத் தேங்காயா? யாரிடம் சொல்வது?

ஆறு வருஷம் அடக்கிக்கொண்டிருந்தேன். ஒரு ஆடி வெள்ளியன்று காலையில் பொங்கல் பானையோடு ஒரு பெருங்கூட்டம் வந்துவிட்டது. இடம் போதவில்லை. ஒருத்தி, எனக்குப் பழக்கமில்லாதவள், என் புருஷன் வரியில் நான் வைத்திருந்த பூவை எடுத்துக் கீழே போட்டுவிட்டு, அந்த இடத்தில் தன் அகல்விளக்கைச் சாய்த்து வைத்தாள்.

“ஏமே, எடு அத!” என்றேன்.

“இன்னாம்மா நீ, சாமி இருக்கறது கீழ. மேல இருக்கறவங்க சும்மா பேருதானே?” என்றாள் அவள்.

“எந்தச் சாமி? கீழ இருக்கறது சிப்பாயே இல்ல. பட்ட வண்டி ஓட்டுனவரு! பேதி வந்து செத்தவரு!” என்று கத்திவிட்டேன்.

கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்த என் ஓரகத்தி மெதுவாகத் திரும்பினாள்.

“இன்னாக்கா சொன்ன?”

“அது உன் வூட்டுக்காரரு வரி இல்ல.”

“அன்னிக்கு இதுதான்னு நீதானே வெரல் வெச்ச?”

“வெச்சேன்.”

“தெரியாமலா?”

ஆமாம், தெரியாமல்தான் என்று சொல்லியிருக்கலாம். அரைகுறை எழுத்துக்காரி, தப்பாகக் கூட்டிவிட்டேன் என்றால் யாரும் நம்பியிருப்பார்கள். ஆனால் எனக்கு எழுத்து வராது என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல வாய் வரவில்லை.

“தெரிஞ்சுதான். வேணும்னுதான் வெச்சேன்” என்றேன்.

அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். முந்தானையைத் தூக்கி முகத்தைத் துடைத்தாள்.

“அப்ப அவரு எது?”

ஐந்தாம் வரியைக் காட்டினேன். அது ஒரு துளி மஞ்சள் படாமல், கல்தச்சர் வெட்டிய அன்று இருந்தபடியே இருந்தது. அவள் உள்ளங்கையை அதன் மேல் வைத்தாள். அழவில்லை. அவள் அழாமல் இருந்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

அப்புறம் கையை எடுத்தாள். “ஆறு வருசமா யாரோ ஒரு ஆம்பளகிட்ட குந்திகினு வூட்டுக் கதையெல்லாம் சொல்லியிருக்கேன்” என்றாள். யாரோ ஒருத்தி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். இவள் சிரிக்கவில்லை. என் பக்கம் வந்து என் கையில் எண்ணெய்க் கிண்ணத்தை வைத்தாள்.

“நீ காட்டுன ஆளு. இனிமே நீயே பாத்துக்கோ. வாரா வாரம் பூவும் எண்ணெயும் உன்து. ஒரு வெள்ளிக்கெழம வெக்காம வுட்டு வெச்ச, தெருவுல நின்னு சொல்லுவேன், மூத்தவ இன்னா பண்ணாளுன்னு. மேல போனப்பறம் உன் வூட்டுக்காரரு, எவனுக்குப் பூ வெச்சேன்னு கேட்டா அங்க நீயே பதில் சொல்லிக்கோ.”

கூட்டத்துக்குத்தான் பேஜாராகிவிட்டது. பானை கொதிக்கிறது, சாமி யார் என்று தெரியவில்லை. சிலபேர் ஐந்தாம் வரிக்கு நகர்ந்தார்கள். மீதிப் பேர் நகரவில்லை. எருமை திரும்பி வந்தவள் திட்டமாகச் சொல்லிவிட்டாள்: “எனக்குக் குடுத்தது இவருதான். வண்டி ஓட்டுனா இன்னா, மாட்டப் பத்தித் தெரிஞ்சவருதானே?” அவர்கள் ஏழாம் வரிக்கே பொங்கல் வைத்தார்கள். எண்ணெய்க் கிண்ணம் என் கையில் இருந்ததால், பூசை பண்ணுகிறவள் நான்தான் என்று நினைத்து என்னிடமே தேங்காயை நீட்டினார்கள். வாங்கி உடைத்தேன். வேறு என்ன செய்ய?

அன்றிலிருந்து எனக்குக் கல்லில் இரண்டு வரி. மழைக்காலத்தில் கூட விட்டதில்லை. அவளும் வருகிறாள், ஐந்தாம் வரிக்குப் பூ வைக்கிறாள். இரண்டு பேருக்கும் இப்போது கண் மங்கல்தான். ஆனால் என் பூவை அளப்பதில் அவளுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. போன வெள்ளிக்கிழமை குச்சியை ஊன்றிக்கொண்டு என் பக்கம் குனிந்தாள்.

“இன்னாக்கா, பெரிய மாமாவுக்கு ரெண்டு மொழம், வண்டிக்காரருக்கு ஒன்னரை மொழமா?”

“அவருக்குத்தான் ஊரே போடுதே.”

“ஊர் போடறது வேற. நீ போடறது வேற. அளவா வை.”

பூக்காரி இன்னும் போகவில்லை. அவளைக் கூப்பிட்டு அரை முழம் வாங்கினேன். ஏழாம் வரியில் அதைச் சேர்த்து வைக்கும்போது என் கண் மூன்றாம் வரிக்குப் போயிற்று. இப்போது இரண்டும் சமம். என் புருஷனுக்கு ஒரு கிள்ளாவது கூட இருக்கட்டும் என்று கை துடித்தது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.